மாத்திரை கேட்டுப் போன மாமியார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை என் மருமகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள், அதனால் என் பெயரையும் போடாதீர்கள். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் தமிழ்க் குடும்பம் மொத்தமே மூன்றுதான், யார் வீட்டுக் கதை என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகாது.

நான் 27 வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எலும்பு வார்டு. இடுப்பு உடைந்த பாட்டியை முதல் நாள் எழுப்பி உட்கார வைப்பது எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டு அறையில் 26 வயதுப் பெண் ஒருத்தி கண்ணெதிரே உடைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை என்பதுதான் சரி.

தை மாதம் கல்யாணம். பெண்ணுக்கு மன்னார்குடிப் பக்கம் ஊர், அங்கே தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள். மார்ச் மாதம் விசிட் பாஸில், அதாவது தங்குவதற்கான அனுமதிச் சீட்டில், இங்கே வந்தாள். முதல் ஒரு மாதம் முஸ்தபா, கரையோரப் பூந்தோட்டம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று ஓடிவிட்டது. ஐந்தாவது வாரத்திலிருந்து ஆரம்பித்தது. இரவு இரண்டு மணிக்குக் குளியலறை விளக்கு எரியும். நெஞ்சு படபடக்கிறது என்பாள், ஒரு நாள் கை நடுங்கித் தயிர்க் கிண்ணத்தைக் கீழே போட்டாள். அம்மாவோடு வீடியோ காலில் சிரித்துப் பேசிவிட்டு, போனை வைத்த மறு நிமிடம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது, நானேதான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், தைத்துக்கொண்டே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொன்னேன்.

இந்த "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" நம் வீடுகளில் எத்தனை முறை புழங்குகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் சீட்டுக்கும் அதுதான், புருஷனோடு சண்டைக்கும் அதுதான். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. எங்கம்மா 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கியவர், ஒரே அறையில் ஒன்பது பேரோடு குடித்தனம் செய்தவர், அவர் அட்ஜஸ்ட் செய்யவில்லையா என்று மருமகளிடமே கேட்டேன். அப்புறம் ஒரு நாள் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. நான் சின்னவளாக இருந்த காலத்தில் அம்மா சாயங்காலமானால் பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டாலும் காதில் விழாது. "அம்மாவுக்குத் தலைவலி, தொந்தரவு பண்ணாதே" என்பார் பெரியம்மா. அந்தத் தலைவலி எத்தனை வருடம் இருந்தது என்று இப்போது கேட்க அவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம், எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். கூட்டம் அதிகம், நான்கைந்து நிமிடத்தில் தூக்க மாத்திரை பத்து எழுதிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் நான் கேட்டுப் போனதும் அதைத்தான். பத்து நாள் தூங்கினாள். பதினோராம் நாள் முன்பைவிட மோசம், மாத்திரை இல்லாமல் படுக்கவே பயப்பட்டாள். பக்கத்து வீட்டு அக்கா தாயத்துக் கட்டச் சொன்னார், அதையும் கட்டினோம். என் நாத்தனார் "ஊருக்கு அனுப்பிடு, தானா சரியாயிடும்" என்றார். கடைசியில் பலதுறை மருந்தகம், அரசாங்கத்தின் பாலிகிளினிக். அவள் விசிட் பாஸில் இருப்பவள், மானியம் கிடையாது, முழுக் கட்டணம். மகன் முகம் சுளிக்காமல் கட்டினான், அதையும் சொல்ல வேண்டும்.

அங்கே நடந்ததைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். டாக்டர் ஒரு தாளை எடுத்து ஒன்பது கேள்வி கேட்டார். நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் ஈடுபாடு இருக்கிறதா என்று போகும். மருமகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் இப்படி மனசுக்குள் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்ல வராது. அதனால் நான் மொழிபெயர்த்தேன். எட்டு கேள்வி வரை ஓடிவிட்டது. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற கேள்வி. அதையும் நானே தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "இல்லை அத்தை" என்றாள். டாக்டரிடம் "நோ" என்று சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், ஆன்டி நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டு அதே தாளை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பதில் மாறியிருந்தது. இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மூன்று மாதம் கழித்து அவளே சொன்னாள். மாமியார் கேட்டால் எந்த மருமகள் "ஆமாம்" என்பாள்? 27 வருடம் வார்டில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. எத்தனை நோயாளிக்கு அவர்கள் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லியிருப்பேன், நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மருந்தகங்களுக்கும் ஆலோசனை நிலையங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மனம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குக் குடும்பத்து ஆளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இல்லாவிட்டால் போனிலாவது ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள்.

தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குறை எதுவும் இல்லை. பிறகுதான் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னார், அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர், வாழ்க்கையில் வந்த மாற்றத்துக்குப் பழக முடியாமல் மனம் தவிக்கிற கோளாறு. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் மருந்தாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லே நோயின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டு ஏக்கம் எல்லாருக்கும் வரும், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒரு குறிப்பிட்ட மாற்றமோ இழப்போ நடந்திருக்கும், இடம் மாறுவது, வேலை போவது, மணமுறிவு, பெரிய நோய், இப்படி ஏதாவது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின்படி 3 மாதத்துக்குள் இந்தத் தவிப்பு தொடங்கும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை ஏறக்குறைய ஒரு மாதம் என்கிறது. நடந்ததையே மனசு திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும், அன்றாட வேலை ஓடாது. காரணம் விலகிய பிறகு 6 மாதத்துக்கு மேல் பொதுவாக நீடிக்காது, ஆனால் காரணம் விலகாமல் கூடவே இருந்தால் இதுவும் இழுத்துக்கொண்டே போகலாம். அதற்குள் முழு மனச்சோர்வாக மாறிவிட்டால் பெயரும் மாறும், வைத்தியமும் மாறும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார். "சின்ன நோய்தானே" என்று நான் பெருமூச்சு விட்டபோது டாக்டர் கொஞ்சம் கடுமையாகவே, இதிலும் தற்கொலை எண்ணம் வரும் ஆன்டி, பெயர் லேசாக இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம் என்றார். ராத்திரியில் அப்படி ஒரு எண்ணம் வந்தால் முதலில் யாரிடம் பேசுவது, அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்து யார், எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளில் முதல் பெயர் அவள் தங்கச்சி. என் பெயர் இல்லை.

மாத்திரை எங்கே என்று கேட்டேன், பழக்க தோஷம். இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லையாம். தூக்கமோ படபடப்போ தாங்க முடியாமல் போனால் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுவார்கள், நாங்கள் முன்பு வாங்கிய வகைத் தூக்க மாத்திரை வாரக்கணக்கில் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். முதல் வைத்தியம் பேச்சு வைத்தியம்தான் என்றார். பேசுவதற்கு எதற்கு காசு, அதை நானே செய்வேனே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். என்ன திமிர் பாருங்கள்.

தமிழில் பேசும் ஆலோசகருக்கு ஐந்து வாரம் காத்திருந்தோம். ஆங்கிலத்தில் என்றால் அடுத்த வாரமே கிடைத்திருக்கும். வாரம் ஒரு முறை 50 நிமிடம், மொத்தம் எட்டு முறை. அங்கே என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். சின்ன வயசில் என்ன நடந்தது என்று தோண்டித் துருவுவார்கள், குடும்ப மானம் போகும் என்று நினைக்கிறோம். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஊரில் உங்களை அழுத்துவது என்னென்ன, பெரியது சின்னது பார்க்காமல் எழுதுங்கள் என்றிருக்கிறார் அந்தம்மா. மருமகள் பதினொன்று எழுதினாள். சிலவற்றை என்னிடம் காட்டினாள்.

நான்காவதாக இருந்தது: "அத்தை ராத்திரி எட்டு மணிக்கு சமையலறை விளக்கை அணைத்துவிடுவார்கள்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வார்டில் காலை ஷிப்ட் பார்த்துப் பழகியவள் நான், ஏழு மணிக்குச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு எல்லாம் துடைத்து விளக்கை அணைத்துவிடுவேன். அவர்கள் ஊர் வீட்டில் சாப்பாடே ஒன்பதரைக்கு, அப்பா கடையை மூடிவிட்டு வந்த பிறகு. இங்கே ஏழு மணிக்கு அவளுக்குப் பசிக்காது, எங்களோடு உட்கார்ந்து நாலு வாய் கொறிப்பாள். பத்து மணிக்குப் பசிக்கும்போது சமையலறை இருட்டு. விளக்கைப் போட்டால் நான் எழுந்துவிடுவேனோ என்று பயந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். மூன்று மாதம்! ஐந்து கிலோ எங்கே போனது என்று நான் தாயத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்குச் சிக்கல் தீர்க்கும் சிகிச்சை என்று பெயர். மந்திரம் ஒன்றும் இல்லை. பிரச்சினையைத் தெளிவாக ஒரே வரியில் எழுத வேண்டும், அதற்குத் தோன்றுகிற வழி எல்லாவற்றையும் அசட்டுத்தனமாக இருந்தாலும் எழுத வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த வாரம் செய்து பார்க்க வேண்டும், அடுத்த வாரம் போய் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். சமையலறை விளக்குக்கு அவள் ஆறு வழி எழுதினாள், அதில் ஒன்று "ரூமில் பிஸ்கட் ஒளித்து வைப்பது." கடைசியில் தேர்ந்தெடுத்தது "அத்தையிடம் சொல்வது." அதைச் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறாள், ஆலோசகரை மாமியாராக உட்கார வைத்து. சொன்னபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, மறைக்கவில்லை. மறுநாள் ஒரு சின்ன விளக்கு வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

இன்னொன்று, தனியாக வெளியே போகப் பயம். ஊரில் ஸ்கூட்டியில் பறந்தவள் இங்கே கீழே இருக்கிற கடைக்குக்கூட மகனுக்காகக் காத்திருந்தாள். ஒரு வாரம் புனிதமரம் கோயில் வரை தனியாக. அடுத்த வாரம் எம்ஆர்டி ரயிலில் தேக்கா, நியூட்டனில் இறங்கி வழித்தடம் மாறி லிட்டில் இந்தியா. முதல் தடவை நியூட்டனில் வழி தெரியாமல் இருபது நிமிடம் நின்றிருக்கிறாள், ஆனாலும் போன் செய்யவில்லை. பச்சைச் சுண்டைக்காய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி வந்த மாதிரி ஒரு முகம். நெஞ்சு படபடத்தால் மூச்சை எப்படி விடுவது என்பதும் சொல்லிக் கொடுத்தார்கள், அது அவளுக்குப் பெரிதாக உதவவில்லையாம். மகனுக்கு உட்லண்ட்ஸில் கம்ப்யூட்டர் சில்லுக்கான வாஃபர் தகடு செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவன் போனை எடுக்காத ஒவ்வொரு முறையும் "என்னைப் பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தவளை, அந்த முடிவுக்கு என்ன ஆதாரம், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று எழுதிப் பார்க்க வைத்தார்கள். கணக்கு டீச்சருக்கு அது சுலபமாக வந்தது.

ஐந்தாவது முறை என்னையும் மகனையும் கூப்பிட்டார்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. சிகிச்சையில் ஒரு பங்கு எனக்கும் இருந்தது என்பது மட்டும் போதும்.

இதெல்லாம் ஒரு வீட்டு அனுபவம்தானே என்று கேட்கலாம். கேளுங்கள். நானும் தேடிப் படித்தேன். இந்தக் கோளாறால் வேலைக்கு வராமல் விடுப்பில் இருந்தவர்களைப் பற்றி 2012இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது, 9 ஆய்வுகள், 1,546 பேர். சிக்கல் தீர்க்கும் சிகிச்சை எடுத்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சராசரியாக 17 நாள் முன்னதாகப் பகுதி வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். முழு வேலைக்குத் திரும்புவதில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. பிரமாதமான எண் இல்லைதான். இந்தக் கோளாறைப் பற்றிய ஆராய்ச்சியே மனச்சோர்வோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் பத்து தூக்க மாத்திரையைவிட இது மேல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஊருக்கு அனுப்பச் சொன்ன நாத்தனாருக்கு ஒரு பதில். இரண்டு வாரம் போய்விட்டு வருவது தப்பில்லை, தீபாவளிக்கு டிக்கெட் போட்டதும் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்தது. ஆனால் பயந்து ஓடுவதற்காகப் போனால் திரும்பி வந்து இறங்கும் நாளில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடி உதையும் வசவும் நடக்கிற வீட்டில் பெண்ணை ஆலோசனைக்கு அனுப்பி "பழகிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பது அநியாயம். அங்கே மாற வேண்டியது வேறு ஆள். அதற்கு 1800-777-0000 என்ற எண் இருக்கிறது.

மருமகள்களுக்கு மட்டும் வருவதும் இல்லை இது. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போன முதல் மாதமே இப்படி ஆன பையன்களை "கெங் பண்றான்", நோய் என்று நடிக்கிறான் என்று சொந்த அப்பாக்களே கேலி செய்வதைக் கோப்பிக்கடையில் கேட்டிருக்கிறேன். ஐம்பது வயதில் வேலை போய், வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆண்கள் இருக்கிறார்கள். தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. 1771 மனநல உதவிக்கான தேசிய எண், எந்த நேரத்திலும் அழைக்கலாம். 1767 தற்கொலைத் தடுப்புக்கான சமாரிட்டன்ஸ் அமைப்பு, மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. உடனே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. இவற்றை வருடத்துக்கு ஒரு முறை சிறப்பு மலரில் போடுவதோடு விடாமல், தினமும் சினிமாப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் தவறாமல் பார்க்கிற பக்கம் அதுதான். முடிந்தால் தமிழில் ஆலோசனை தரும் இடங்களின் பட்டியல் ஒன்றை விசாரித்து வெளியிடுங்கள், எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போனது.

அனுப்புவதற்கு முன் இதை மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், டீச்சர் புத்தி. இரண்டு சந்திப்பிழையைத் திருத்தினாள். "இப்போது அவள் முழுக்கக் குணமாகிவிட்டாள்" என்று நான் எழுதியிருந்த வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் பிடிக்கவில்லை. மற்றபடி பரவாயில்லை."

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஈசூன்